கேமரா எப்போது போகிறது?

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காரியதரிசி என்னைப் பேசக் கூப்பிட்டபோது தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். "ஆத்துக்கு ஆம் கேமரா வெச்சிருக்கா, அது நாளைக்கு நாலு தரம் வைஃபையை விட்டுடறது, அதைப் பத்திப் பேசுங்கோ" என்றார். உபன்யாசமும் உபநயன அறிவிப்பும் கேட்டுப் பழகிய நம் சபைக்கு இது புதிதாக இருக்கலாம். ஆனால், யார் வீட்டில் கேமரா இருக்கிறது என்று சற்றுமுன் கேட்டபோது பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினீர்கள். அதில் யாருக்கெல்லாம் அது அடிக்கடி அறுந்துபோகிறது என்று கேட்டதற்குத் தூக்கிய கை ஒன்றுகூட இறங்கவில்லை.

நம் வீடுகளில் இந்தக் கேமரா எதற்காக வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் திருடனுக்காக வரவில்லை. அப்பா அம்மா இங்கே டோம்பிவிலியிலோ செம்பூரிலோ இருக்கிறார்கள். பிள்ளை பெங்களூரில், பெண் நியூ ஜெர்சியில். அம்மா விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற கவலையில், விடுமுறைக்கு வந்த பிள்ளை ஹாலில் ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறான். கேமரா ஒழுங்காக ஓடுகிறவரை எல்லோருக்கும் நிம்மதி. அது நின்றதும் அங்கே அவன் திரையில் 'ஆஃப்லைன்' என்று ஒரு வார்த்தை வருகிறது. அம்மா சௌக்கியமாகச் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்கு அது தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தினமும் சாயங்காலம் கேமரா போகும். உடனே பெங்களூரிலிருந்து போன் வரும். மாமா சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்திருப்பார், எடுக்கமாட்டார். எடுக்கவில்லை என்றதும் பிள்ளை பக்கத்து ஃப்ளாட்டுக்குப் போன் செய்வான். அவர்கள் வந்து மணி அடிப்பார்கள். பத்து நாள் இப்படி நடந்த பிறகு மாமா கேமராவின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். திரையில் ஈரிழைத் துண்டு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது! கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால், நிஜமாகவே அவர் ஒருநாள் விழுந்திருந்தால், பத்து நாள் பொய் அலாரம் கேட்டுச் சலித்த பக்கத்து வீட்டுக்காரர் பதினோராவது நாள் ஓடி வருவாரா? கேமரா அறுந்துபோவதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். அந்த வீட்டுக் கேமராவுக்கு என்ன கோளாறு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் டெலிபோன் துறையில் பழுதுபார்க்கும் பிரிவில் பல வருஷம் இருந்தவன். புகார் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, "எப்போது போகிறது?" என்றுதான். மழையில் போகிறதா, காற்றடித்தால் போகிறதா, ராத்திரியில் மட்டுமா? நேரம் தெரிந்தால் பாதிக் காரணம் தெரிந்த மாதிரி. வைஃபைக்கும் அதே வைத்தியம்தான். ஆகவே புதுக் கேமரா வாங்க முடிவு செய்வதற்கு முன் ஒரு வாரம், காலண்டர் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கேமரா போன நேரம், திரும்பி வந்த நேரம், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, இந்த மூன்றும் போதும். பிள்ளையின் செல்போன் ஆப்பிலும் நேரம் பதிவாகியிருக்கும். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

குறிக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கேமரா போன அந்த நிமிஷத்தில் வீட்டிலுள்ள மற்றவை வேலை செய்கின்றனவா? டிவியில் யூடியூப் ஓடுகிறதா? உங்கள் செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது திறந்து பாருங்கள். எதுவுமே ஓடவில்லை என்றால் கேமராவின் மேல் பழியில்லை, இன்டர்நெட்டே போயிருக்கிறது. மற்றவை ஓடி, கேமரா மட்டும் இல்லை என்றால் கேமராவுக்கும் ரவுட்டருக்கும் இடையில் கோளாறு. அல்லது கேமராவுக்கு மின்சாரம் சரியாக வரவில்லை. இந்த மூன்றும் பிள்ளையின் திரையில் ஒரே வார்த்தையாகத்தான் தெரியும். அதனால்தான் எல்லோரும் "வைஃபை சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது அந்த சாயங்காலக் கேமராவுக்கு வருவோம். நோட்டைப் பார்த்தேன். 6.40, 6.45, 6.38. ஏழு நாளும் ஏறத்தாழ ஒரே வேளை. வாசலில் விளக்கேற்றும் நேரம். அந்த நேரத்தில் கேமராவுக்குள் என்ன நடக்கிறது? வெளிச்சம் குறைந்ததும் கேமரா இரவுப் பார்வைக்கு மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொள்கிறது. அவற்றை எரிக்கப் பகலைவிடக் கூடுதல் கரண்ட் வேண்டும். அது வந்து சேரவில்லை என்றால் கேமரா மயங்கி விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி விழும். வெளியூரிலிருந்து பார்ப்பவனுக்கு அது வைஃபை அறுந்து அறுந்து வருவதுபோல் இருக்கும்.

ஏன் கரண்ட் வந்து சேரவில்லை? கேமராவோடு வந்த கேபிள் எட்டவில்லை என்று, கடையில் 5 மீட்டர் நீளமுள்ள மெல்லிய யுஎஸ்பி கேபிளை வாங்கிப் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட கேபிளின் உள்ளே ஓடும் கம்பி தலைமயிர் கனம்தான். மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 ஓம் தடை. கரண்ட் போக 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர். ஆக மொத்தம் 2 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். புறப்பட்டது 5 வோல்ட், போய்ச் சேருவது 4. பகலில் எப்படியோ சமாளிக்கும், விளக்கேற்றியதும் கேமரா படுத்துவிடும். பரிகாரம் சுலபம். 5 வோல்ட் பக்கத்தை நீட்டாதீர்கள். 230 வோல்ட் பக்கத்தை நீட்டுங்கள். அதாவது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேமராவின் அருகிலேயே ஒரு பிளக் பாயின்ட் போட்டு, கூடவே வந்த அடாப்டரையும் கூடவே வந்த கேபிளையும் மாட்டுங்கள். மாமா வீட்டில் செலவு ஒரு பாயின்ட் போட்ட கூலிதான். துண்டு துவைக்கப் போய்விட்டது.

உங்கள் வீட்டில் இதுதானா என்று சோதிக்க வேண்டுமானால், ஒரு ராத்திரி ஆப்பில் இரவுப் பார்வையை அணைத்துவிட்டு ஹாலில் ஒரு டியூப்லைட்டை எரியவிடுங்கள். அன்று கேமரா போகவில்லை என்றால் விஷயம் கரண்ட்தான். வெளியூரிலிருந்தபடியே பிள்ளை செய்யக்கூடிய சோதனை இது.

அடாப்டர் பற்றி இன்னொரு வார்த்தை. பழைய செல்போன் சார்ஜரைக் கேமராவுக்கு மாட்டும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. எதையும் தூக்கி எறியமாட்டோம், நல்ல குணம். ஆனால் அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். கேமராவுக்கு 2 ஆம்பியர் வேண்டும் என்று எழுதியிருந்தால் அரை ஆம்பியர் சார்ஜர் பற்றாது. ரவுட்டரின் அடாப்டரும் வருஷக்கணக்கில் இரவு பகல் சூடேறிச் சூடேறி நலிந்துபோகும். ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து வந்தால் அதை மாற்றுவதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல்.

தினமும் காலை 10 மணிக்குப் போய் 11 மணிக்கு வரும் கேமரா ஒன்றும் உண்டு. அந்த வீட்டு நோட்டில் "அப்போது நடந்தது" என்ற இடத்தில் மாமியே எழுதியிருந்தார்: "கிரைண்டர்". ஒரே பிளக் பாயின்ட்! இதற்கு எஞ்சினியர் தேவையில்லை. பிளக்கின் மேல் ஒரு தாளை ஒட்டி 'கழற்றாதே' என்று எழுதினால் போதும்; வீட்டு வேலைக்கு வருபவருக்கும் புரியும்படி மராத்தியிலோ ஹிந்தியிலோ கன்னடத்திலோ எழுதுங்கள்.

அடுத்தது, ராத்திரி 8 மணியிலிருந்து 11 வரை தள்ளாடிவிட்டு, நடுநிசிக்கு மேல் தங்கம்போல் ஓடுகிற கேமரா. ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம். வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். சுவரைத் தாண்டிச் செல்வதில் அது 5 கிகாஹெர்ட்ஸைவிடக் கெட்டி. ஆனால் அந்தப் பாதை குறுகியது. நம் நாட்டில் அதில் 1 முதல் 13 வரை சேனல்கள் இருந்தாலும், ஒன்றோடொன்று இடிக்காமல் வழக்கமாகப் பயன்படுபவை 1, 6, 11 என்ற மூன்றுதான். இருபது மாடிக் கட்டடத்தில் எத்தனை ரவுட்டர்கள்! எல்லோரும் ஆபீஸிலிருந்து வந்து டிவியையும் டேப்லெட்டையும் திறக்கும் நேரத்தில், ரேஷன் கடை வரிசைதான். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4-இல் இரைகிறது. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேமரா இருந்தால், மோர்க்குழம்பு சூடாகும் இரண்டு நிமிஷம் படம் நிற்பதைப் பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றை இறக்கினால், சுற்றியுள்ள ரவுட்டர்கள் எந்தெந்தச் சேனலில் இருக்கின்றன என்று மலைமலையாக வரைந்து காட்டும். 1, 6, 11-இல் எது காலியோ அதை உங்கள் ரவுட்டரில் 2.4-க்குத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்துங்கள். 'ஆட்டோ' என்று விட்டால் ரவுட்டர் தன்னிஷ்டத்துக்குச் சேனல் மாறும். மாறும்போதெல்லாம் கேமரா ஒருமுறை தவிக்கும். சில ரவுட்டர்கள் 12, 13-க்கும் போய்விடும். அமெரிக்காவிலிருந்து பிள்ளை வாங்கி வந்த கேமராவுக்கு அந்தச் சேனல்கள் கண்ணில் படாமல் போகலாம். சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆகக் குறையுங்கள். வேகம் குறையுமே என்பீர்கள். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் இருந்தால் ராஜபோகம்.

சிக்னல் பலம் என்று ஒன்று உண்டு. பல கேமராக்களின் ஆப்பிலேயே 'டிவைஸ் இன்ஃபர்மேஷன்' என்ற இடத்தில் மைனஸ் போட்ட ஓர் எண் இருக்கும். மைனஸ் 50 என்றால் நன்று. மைனஸ் 60 போதும். மைனஸ் 70 விளிம்பு. மைனஸ் 80 என்றால் கேமரா பகவானை நம்பி ஓடுகிறது. இதில் 10 கூடினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 60-க்கும் 70-க்கும் ஏதோ கொஞ்சம் வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. விளிம்பில் இருக்கும் கேமராதான் கதவைச் சாத்தினால் போகும், திறந்தால் வரும். வாசலில் இரும்பு சேஃப்டி டோர் இருக்கிறது. கேமரா அதற்கு வெளியே. ரவுட்டர் கடைசி பெட்ரூமில் இரும்பு பீரோவுக்குப் பின்னால். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தூண். அலை எப்படிப் போகும்?

சென்ற வருஷம் ஒரு வீட்டில் வேடிக்கையான வழக்கு. வாசல் கேமரா நவராத்திரி ஆரம்பிக்கிற அன்று போயிற்று. ஒன்பது நாளும் அரைகுறை. விஜயதசமிக்கு மறுநாள் தானாகச் சரியாகிவிட்டது. அம்பாள் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் கேமராவுக்கு ஓய்வு கொடுத்தாள் என்று மாமி சொன்னார். நான் போய்ப் பார்த்தபோது கொலுப்படி பரணில் ஏறியிருந்தது. ஒன்பது படி, முழுக்க ஸ்டீல் தகடு, பின்னால் ஜிகினாத் தாள். ரவுட்டர் இருந்த மூலையை மறைத்து அதை நிறுத்தியிருக்கிறார்கள். மைனஸ் 68-இல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கேமராவுக்கு அது போதும். ரவுட்டரை ஆளுயரத்துக்குமேல், திறந்த இடத்தில், ஹாலின் நடுச்சுவரில் மாட்டினோம். எண் 55-க்கு வந்தது. இந்த வருஷம் கொலு எங்கே வைத்தாலும் கவலையில்லை. நம் வீடுகளில் ரவுட்டர் இருக்கும் இடங்களைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்: டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், ஷூ ராக்கில், இன்வெர்ட்டரின் தலைமேல். கண்ணுக்கு அழகில்லை என்று ஒளித்து வைக்கிறோம்.

இடம் மாற்ற வழியில்லை என்றால் ரிபீட்டர் வைக்கலாம். அதைக் கேமராவின் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. அங்கே சிக்னலே கிடையாது, எதைத் திரும்பச் சொல்லும்? நடுவழியில் வையுங்கள். அதைவிட மேல், ஒரு லான் கேபிளை இழுத்து அந்தக் கோடியில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாகப் போடுவது. எல்லாவற்றிலும் மேல், கேபிள் குத்தும் வசதி உள்ள கேமராவை வாங்கி நேராகக் கேபிளிலேயே இணைத்துவிடுவது. 100 மீட்டர் வரை தாங்கும். பழைய கம்பி ஆசாமி கம்பிக்குத்தான் ஓட்டுப் போடுவான் என்று சிரிக்கிறீர்கள். போடுவேன். தனி வீடு கட்டுபவர்கள் சுவர் பூசுவதற்கு முன் வாசலுக்கும் கொல்லைக்கும் ஒரு குழாய் விட்டுவையுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் கேமரா வருவதில்லை என்று பலர் சொன்னீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. முதலில் அதைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் இரண்டு பெட்டிகள் இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், போதும். சில கட்டடங்களில் கேபிள்காரர் மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி வைத்து அங்கிருந்து கம்பி இழுத்திருப்பார். அதற்குப் பேக்கப் இல்லை என்றால் நீங்கள் வீட்டுக்குள் என்ன செய்தும் பிரயோஜனமில்லை, சொசைட்டிக் கூட்டத்தில்தான் தீர்க்க வேண்டும். கரண்ட் வந்து ஐந்து நிமிஷம் கழித்தும் கேமரா எழவில்லை என்றால், ரவுட்டர் எழுந்து நின்ற பிறகு கேமராவை ஒருமுறை பிடுங்கிச் செருகுங்கள்.

ஊரில் பூட்டிய வீட்டுக்குக் கேமரா போட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கும்பகோணத்துப் பக்கம், பாலக்காட்டுப் பக்கம் பூர்வீக வீடு; நாம் இங்கே. அங்கே பிடுங்கிச் செருக யாரிருக்கிறார்கள்? அந்த மாதிரி இடத்தில், தினமும் விடியற்காலை ஒருமுறை ரவுட்டருக்கும் கேமராவுக்கும் கரண்டை நிறுத்தி, கால் மணி கழித்துக் கொடுக்கும் சாதாரண டைமர் பிளக் ஒன்று மாட்டிவிடுங்கள். எது மாட்டிக்கொண்டாலும் மறுநாள் காலை தானே எழுந்துவிடும்.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிசகாமல் ஒரே வேளையில் போகிறதென்றால், ரவுட்டர் கேமராவுக்குக் கொடுக்கும் முகவரியின் தவணை முடிகிற நேரமாக இருக்கலாம். ரவுட்டரின் அமைப்பில் கேமராவுக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கலாம். 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று பெயர். பேரன் பேத்தி யாராவது ஐந்து நிமிஷத்தில் செய்துவிடுவார்கள். மழைக்காலத்தில் மட்டும் போகிறதா? மும்பை மழையில் வெளிக் கேமராவின் கேபிள் இணைப்புக்குள் ஈரம் இறங்கும். கேபிளை நேராகச் சுவருக்குள் விடாமல் ஒரு சொட்டு வளைவு கொடுத்து, இணைப்பை மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

புது ரவுட்டர் வந்த நாளிலிருந்து கேமராவே வரவில்லை என்பது தனிக் கேஸ். புது ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கலந்து கொடுக்கின்றன. கேமராவைச் சேர்க்கும்போது இது குழப்பும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, கேமராவை 2.4-இல் சேருங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் பழைய கேமராவுக்கு அந்தப் பாஷை தெரியாது, டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். அடுத்தமுறை ரவுட்டர் மாற்றும்போது ஒரு தந்திரம்: புதியதன் 2.4-க்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்கள் ஆள் மாறியது தெரியாமல் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பாஸ்வேர்டு வீட்டு எண்ணாகவோ 12345678 ஆகவோ இருக்கக் கூடாது. 2016-ஆம் வருஷம் 'மிராய்' என்ற கெட்ட நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்துச் சேனையாக்கியது. அந்த அக்டோபரில் அவற்றைக் கொண்டே அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கினார்கள். நம் ஹாலைக் காட்டும் கண் நமக்கு மட்டும் காட்ட வேண்டும். மாட்டிக்கொடுத்த டெக்னீஷியன் அவசரத்தில் தன் போனிலேயே கணக்கைத் திறந்துவிட்டுப் போவதுண்டு. ஆப்பில் 'ஓனர்' என்று யார் பெயர் இருக்கிறது, யார் யாருக்குப் பார்க்கும் அனுமதி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ரவுட்டரில் 'கெஸ்ட்' வைஃபை இருந்தால் கேமராவை அதில் தனியாக வைப்பது உத்தமம்.

இதைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இந்த இதழை அவர்களுக்கு அனுப்புங்கள். அப்பா அம்மாவைக் கேட்காமல் கேமரா மாட்டாதீர்கள். ஹாலும் வாசலும் போதும், படுக்கையறை வேண்டாம். மடி வேஷ்டியும் ஈரப் புடவையுமாக அவர்கள் நடமாடும் நேரம் உண்டு. அந்த நேரம் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. "ஏன்டா திருப்பினே, எங்கே போனே" என்று நாம் கேட்டால் அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. 80 வயதில் மனுஷனுக்குக் கொஞ்சம் அந்தரங்கம் வேண்டாமா? துண்டு போட்ட மாமாவின் கோபத்தில் பாதி கேபிளின் மேல். மீதி எதன் மேல் என்று அவர் பிள்ளைக்கும் புரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இத்தனை செய்தும் வைஃபை என்பது எப்போதாவது அறும். அதனால் கேமராவுக்குள் மெமரி கார்டு போட்டுவையுங்கள். இணைப்பு போனாலும் பெரும்பாலான கேமராக்கள் கார்டில் பதிவு செய்துகொண்டே இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் பதிவானால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 ஜிபி. 128 ஜிபி கார்டில் பதினோரு நாள் வரை நிற்கும்; பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதும். ஓயாமல் எழுதுவதால் சாதாரணக் கார்டு சீக்கிரம் கெடும். 'ஹை எண்டூரன்ஸ்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

நேரமாகிவிட்டது; காப்பி வந்துவிட்டது. கேள்வி இருந்தால் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்கிறேன்.

(கூட்டத்தில் ஒரு மாமி: "எல்லாம் சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஃப்லைன்னு வந்தா அங்கேர்ந்து என் பொண்ணு என்ன பண்ணணும்?")

நல்ல கேள்வி மாமி. முதலில், கேமரா போவதற்கு முன் கடைசியாக என்ன பதிவாகியிருக்கிறது என்று ஆப்பில் பார்க்கட்டும். ஹால் காலி, நீங்கள் உள்ளே போய்ப் படுத்தாயிற்று என்றால் பதினைந்து நிமிஷம் காத்திருக்கட்டும். ரவுட்டர் விழுந்து எழுந்திருக்க அது போதும். வரவில்லை என்றால் உங்கள் போனுக்கு ஒருமுறை அடிக்கட்டும். நீங்கள் அதைத் தலைமாட்டில், சத்தம் கேட்கும்படி வைத்துக்கொண்டு தூங்குங்கள், சைலன்டில் போடாதீர்கள். நீங்களும் எடுக்கவில்லை என்றால் உங்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு. சாவியை இன்று சாயங்காலமே யாரிடமாவது கொடுத்துவையுங்கள். அவர் நம்பரும் சொசைட்டி வாட்ச்மேன் நம்பரும் உங்கள் பெண்ணிடம் இருக்க வேண்டும். அவசரம் என்றால் வாட்ச்மேனோ பக்கத்து வீட்டுக்காரரோ 112-ஐ அழைக்கலாம். அது இங்கிருந்துதான் கிடைக்கும், நியூ ஜெர்சியிலிருந்து அடித்தால் கிடைக்காது. அதனால்தான் இங்கே ஓர் ஆளின் நம்பர் அவளிடம் இருக்க வேண்டும் என்கிறேன். உங்கள் பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள்?

("ஒரு குஜராத்திக் குடும்பம். நன்னாப் பழகுவா.")

அவர்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்லிவையுங்கள். அப்படியே அவர்களுடைய வைஃபை எந்தச் சேனலில் இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

நமஸ்காரம்.